ஒன்றை அழுத்தவும்

“புயல் வருதுன்னு ஜீப்ல மைக் கட்டிக் கத்தறதெல்லாம் இனிமே எதுக்கு கண்ணா? முந்நூறு வீட்ல இருநூத்தித் தொண்ணூறு வீடு போனை எடுத்து ஒண்ணை அழுத்தியிருக்கு” என்றார் சுந்தரராமன்.

பெங்களூரு பொம்மசந்திராவில் ஒரு மெஸ் வாசலில் இடத்துக்காக நின்றிருந்தார்கள். கண்ணா மூன்று வருடமாக புயலைக் கணிக்கும் ஒரு கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டி அலுத்திருந்தான். சோழமண்டலக் கரையில் ஒரு மீனவ ஊர். எந்தப் புயலுக்கு எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று இப்போது அது சரியாகக் கணித்தது. கணித்த கையோடு வீட்டுக்கு வீடு போன் போகும்.

வருகிற வெள்ளிக்கிழமை நிஜப் புயல்.

“ஞாயித்துக்கிழமை காலைல டெஸ்ட் பண்ணோம் சார். சர்ச்சுல பூசை நேரம். மொத்த ஊரும் எப்படி போனை எடுத்துச்சு?”

“ஜெயிச்சாலும் உனக்குச் சந்தேகம். இன்னிக்கு ஒரு மணிக்கு ரெண்டாவது டெஸ்ட். அதுவும் தேறிட்டா ஜீப் வேணாம்னு மெயில் போட்டுடறேன்.”

“போன் எடுக்காதவங்க கதி?”

“எடுக்கறாங்களேப்பா.”

“சார், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி” என்று கன்னடத்தில் கொஞ்சம் அனுசரிக்கச் சொல்லி மெஸ்காரர் மஞ்சுநாத், தொழிற்சாலை ஆட்கள் நடுவே இரண்டு இடம் காட்டினார். நீலச் சட்டைகள் நகர்ந்து வழிவிட்டன. கண்ணாவுக்குப் பக்கத்தில் இருந்தவன் கழுத்து அட்டையில் பெர்னார்ட் என்று இருந்தது.

சாம்பார் ஊற்றும்போது மணி ஒன்று. சுந்தரராமன் தன் போனைப் பார்த்தார். “ஏறுது பாரு. நாப்பது... தொண்ணூறு...”

பெர்னார்டின் போன் அடித்தது. இடது கட்டைவிரலால் எதையோ அழுத்தி வைத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தான். பின்வரிசையில் இன்னொன்று அடித்தது. அப்புறம் மூன்று.

கண்ணா சாப்பிடுவதை நிறுத்தினான். “என்ன போனுங்க அது?”

“ஊர்ல புயல் வந்தா சொல்றதுக்கு டெஸ்ட் பண்றாங்க சார். ஒண்ணை அழுத்தலன்னா திரும்பத் திரும்ப அடிச்சு உயிரை வாங்கும்.”

“ஊர்ல யார் இருக்காங்க?”

“அம்மா. அதுகிட்ட போன் இல்ல. யார் வந்து நம்பர் கேட்டாலும் என்னோடதத்தான் குடுக்கும்.”

“நிஜமாவே புயல் வந்தா பக்கத்து வீட்டுக்காவது போட்டுச் சொல்வீங்கல்ல?”

பெர்னார்ட் எதிர் இலையைத் தாடையால் காட்டினான்.

“பக்கத்து வீடு இவன்தான் சார். ஆம்ப்ரோஸ்.”

ஆம்ப்ரோஸ் ஒன்றை அழுத்தினான். சுந்தரராமனின் போனில் எண்ணிக்கை ஒன்று கூடியது.