குஞ்சம்மாளின் ஞாபகசக்தி

மண்டபத்தூர் குஞ்சம்மாள் பதில் சொல்லச் சொல்ல, பாரதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய் பற்றிய ஆராய்ச்சிக்காகப் போன வருடமும் அவள் இதே வீட்டில் இதே கேள்விகளைக் கேட்டிருந்தாள். பெற்றவர்களின் ஞாபகத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பார்க்கத்தான் இந்த இரண்டாவது சுற்று. மற்ற வீடுகளில் எல்லாரும் மாற்றி மாற்றிச் சொல்லி அவளை அழ வைத்திருந்தார்கள்.

“தமிழரசி வயித்துல இருந்தப்ப எக்ஸ்ரே எடுத்தீங்களா?”

“எடுத்தேன். அஞ்சாம் மாசம். வழுக்கி விழுந்து இடது கை வீங்கிப்போச்சு.”

“காய்ச்சல்?”

“ஏழாம் மாசம். மூணு நாளு.”

ஓர் எழுத்துகூட மாறவில்லை. நோய் குணமாகிப் பத்தாம் வகுப்பு படிக்கும் தமிழரசி, அம்மாவின் பக்கத்தில் பெருமையாக உட்கார்ந்திருந்தாள்.

“கடைசியா ஒரு புதுக் கேள்வி, அக்கா. அப்போ வீட்டுல கொசுவத்தி கொளுத்துவீங்களா?”

குஞ்சம்மாள் திருதிருவென விழித்தாள். மகளைப் பார்த்தாள். மகள் உதட்டைப் பிதுக்கினாள்.

“இத போன வருசம் கேக்கலையேம்மா! அப்ப சொன்னத இவ நோட்டுல எழுதி வெச்சிருந்தா. ஒரு வாரமா இவகிட்ட ஒப்பிச்சுப் பாத்தேன். படிக்காததுலேர்ந்து கேட்டா எப்படி?”

“ஒப்பிச்சீங்களா? அப்ப போன வருசம் சொன்னதெல்லாம்?”

“மொதல்ல எல்லாத்துக்கும் ஞாபகம் இல்லைன்னுதான் சொன்னேன். ஒங்க மொகம் வாடிப்போச்சு. பாவம், தூரத்துலேர்ந்து வந்த புள்ளையாச்சேன்னு அப்புறம் வாய்க்கு வந்ததச் சொன்னேன்.” குஞ்சம்மாள் கவலையோடு பாரதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏம்மா, அது ஒங்களுக்கே ஞாபகம் இல்லையா?”