சுத்தமான குரல்

தூத்துக்குடி எட்வின் பழைய ஸ்பூல் டேப்ரெக்கார்டர்களாக வாங்கிச் சேர்ப்பவன். கத்தாரில் நர்ஸாக இருக்கும் மனைவி ஜெசிந்தா, அவன் பிறந்தநாளுக்குத் தன் பேச்சையே ஸ்பூலில் பதிந்து அனுப்பியிருந்தாள். போன வாரம் வாங்கிய மெஷினில் அவள் குரல் தேனாக இருந்தது. வீட்டில் முன்பே இருந்த மெஷினில் போட்டால் வரிக்கு வரி இருமினாள்.

பழைய மெஷினைத்தான் சந்தேகப்பட்டான். பெல்ட்டை மாற்றினான், ஹெட்டைத் துடைத்தான். இருமல் போகவில்லை. பிறகு போன வாரம் வாங்கியதைக் கழற்றினான். உள்ளே, யாரோ பிற்பாடு பொருத்தியிருந்த, இப்போது எல்லாப் போன்களிலும் இருக்கிற இரைச்சல் நீக்கும் சில்லு. அதற்கு இருமலும் இரைச்சல்தான்.

கொஞ்ச நாளாகவே போனில் ஜெசிந்தா பேச்சுக்கு நடுவே மௌனமாகிவிடுவாள். எதையோ மறைக்கிறாள் என்று நினைத்திருந்தான். உடனே கூப்பிட்டான்.

“உனக்கு இருமலா?”

“ரெண்டு மாசமா உங்க காதுலதான இருமுதேன். நீங்கதான் ஒரு வார்த்தை கேக்கலையே!”

பிறகு போன் மௌனமானது. வெகுநேரம் மௌனமாகவே இருந்தது.