தேடிக்கொண்டிருக்கிறது

இறந்துபோன முத்தழகனின் அம்மாவுக்குக் கண் தெரியாது. உடலை எடுப்பதற்குள் மகனின் குரலையாவது கேட்க வேண்டும் என்றாள். அவன் கல்யாண வீடியோ, ஸ்டுடியோக்காரர் வில்சனின் பேக்கப்பில் இருந்தது.

"அண்ணே, கிடைச்சிருச்சா? பாடை கட்டியாச்சு," என்று போனில் கேட்டாள் அவன் மனைவி செண்பகம்.

"பத்திரமா இருக்கும்மா. தேடுது."

பேக்கப்பில் எந்த வீடியோ எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கச் சின்ன டேட்டாபேஸே போதும் என்று தேர்ந்தெடுத்தவர் வில்சன்தான். சேமிப்பது சீக்கிரம் முடிந்தது. திரும்ப எடுக்கும் நாளை அவர் நினைக்கவில்லை. இப்போது அது லட்சக்கணக்கான பதிவுகளை ஒவ்வொன்றாகப் புரட்டியது.

போனில் பறையொலி எழுந்து, தெருவைத் தாண்டித் தேய்ந்தது. செண்பகம் இணைப்பைத் துண்டிக்கவில்லை.

வீடியோ திறந்தது. வில்சன் போனை ஸ்பீக்கர் அருகில் வைத்தார். மாலையும் கழுத்துமாக முத்தழகன் கத்தினான்: "அம்மா எங்க? அவங்க வராம தாலி கட்ட மாட்டேன்."

"இந்தா வந்துட்டேன்யா," என்றது போனிலிருந்து ஒரு முதிய குரல்.