மலை ரோட்டுக்கு இன்சூரன்ஸ்

"அபசகுனமா பேசாதே! ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே கை போனா எவ்வளவு, கால் போனா எவ்வளவுன்னு விலை பேசணுமா? இன்சூரன்சும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

டிராவல்ஸ் ஆபீசில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே ஏசி குளுகுளுவென்று ஓடிக்கொண்டிருந்தது. கத்திய லிஃப்ட் மெக்கானிக்கின் சட்டைக் காலர் மட்டும் வியர்வையில் நனைந்திருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், கம்ப்யூட்டரில் கை வைத்தபடி காத்திருந்தாள். மெக்கானிக்கின் மனைவி அசைந்து கொடுக்கவில்லை. அவர் குரலை உயர்த்தினால் பேச்சை விட்டுவிடுகிறவள்தான். ஆனால் விடியற்காலை வாக்கிங் என்று தனியாகக் கிளம்ப ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கு ஒரு தனிப் பிடிவாதம் வந்திருந்தது.

"டிக்கெட், ரூம், அங்கே நாமே ஓட்டிக்கற வாடகைக் கார் எல்லாத்துக்கும் தலையாட்டினீங்க. இதுக்கு மட்டும் ஏங்க குதிக்கறீங்க? ரெண்டு பிள்ளைங்களையும் வச்சுக்கிட்டு ஒரு வாரம் மலை ரோட்டுல சுத்தப் போறோம்."

"இத்தனை வருஷமா வண்டி ஓட்டறேன். ஒரு கீறல் விழுந்திருக்கா?"

"விழல. ஆனாலும் வேணும். இல்லேன்னா நான் வரல."

"அஞ்சே நிமிஷம் சார்," என்றாள் டிராவல்ஸ் பெண். "நான் கேக்கக் கேக்க ஆமா, இல்லைன்னு சொன்னா போதும்."

அந்தக் கேள்விகளுக்குத்தான் அவர் பயந்தார். 'உடல்நிலை பற்றிய கேள்விகளுக்கு உண்மையான பதில் தரவும்' என்று வாசலில் ஒட்டியிருந்ததைப் படித்ததிலிருந்தே இன்சூரன்சைத் தட்டிக்கழிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு மதியம். சிக்னலில் காரை நிறுத்தியிருந்தவருக்குத் திடீரென்று கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. விழித்தபோது நடைபாதையில் படுத்திருந்தார். முன்பின் தெரியாத ஒருவர், ஒரு கையில் தண்ணீர் பாட்டிலும் மறு கையில் இவருடைய செல்போனுமாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்க்கிறவனுக்கு மயக்கம் என்று தெரிந்தால் கம்பெனியில் அன்றைக்கே மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். அந்தப் பயத்தில் டாக்டரிடமும் போகவில்லை. பேட்டரி வீக், கிளட்ச் சரியில்லை என்று சாக்குச் சொல்லிக் காரைத் தொடாமல் பஸ்ஸில் போய் வந்தார். ஆனால் பிள்ளைகள் ஆசை ஆசையாகக் கேட்ட பயணத்துக்கு மட்டும் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு வாரம்தானே, எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று இருந்துவிட்டார்.

"கார் ஓட்டப் போறவருக்கு, கடைசி ஒரு வருஷத்துல வலிப்பு, நெஞ்சுவலி, திடீர் மயக்கம் ஏதாவது வந்திருக்கா?"

'இல்லை' என்று சொல்ல வாயெடுத்தார்.

"மறைச்சா என்னம்மா ஆகும்?" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"நல்லபடியா திரும்பி வந்துட்டா ஒண்ணும் இல்ல சார். ஏதாவது ஆச்சுன்னாதான். அப்புறம் உங்களுக்கும் எதுவும் கிடைக்காது, பின் சீட்டுல இருக்கறவங்களுக்கும் கிடைக்காது."

பின் சீட்டு. அவருக்கு அந்த மலைப்பாதை கண் முன்னால் வந்து நின்றது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் வெறும் பனி. பின்னால் சின்னவள் வாயைப் பிளந்துகொண்டு அண்ணன் தோளில் தூங்குகிறாள். வளைவு வருகிறது. கண் இருட்டுகிறது. ஸ்டியரிங்கில் கை இருக்கிறது, பிடி இல்லை.

அவர் கைகளை மேசைக்குக் கீழே மறைத்துக்கொண்டார்.

"வந்திருக்கு," என்றார். அவர் குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. "மூணு மாசம் ஆச்சு. சிக்னல்ல, கார்லயே மயங்கிட்டேன். வீட்டுல கூடச் சொல்லல. என்னால ஓட்ட முடியாதும்மா. பயமா இருக்கு."

டிராவல்ஸ் பெண்ணின் விரல்கள் அப்படியே நின்றன. அவர் மனைவி பக்கம் திரும்பவில்லை. அழப்போகிறாள், இல்லையென்றால் இத்தனை பேர் முன்னால் கத்தப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

மேசைக்குக் கீழே அவள் கை வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டது.

"அன்னிக்கே அந்த மனுஷர் உங்க போன்லேர்ந்து கூப்பிட்டுச் சொல்லிட்டாருங்க. நீங்களா சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு பாத்துப் பாத்து எனக்குத் தூக்கமே போச்சு. நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம்."

அவர் நிமிர்வதற்குள் அவள் கைப்பையைத் திறந்து, புத்தம்புது டிரைவிங் லைசென்ஸ் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதிலிருந்த படத்தையும் அவளையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். அந்த விடியற்காலை வாக்கிங் எங்கே என்று இப்போதுதான் புரிந்தது.

அவள் டிராவல்ஸ் பெண்ணிடம் திரும்பினாள்.

"ஓட்டப் போறது நாந்தாம்மா. அதனாலதான் இன்சூரன்ஸ் கண்டிப்பா வேணும்ங்கறேன்!"