காடு இருந்த கணக்கு

திரையில் இரண்டு கோடுகள் ஏறிக்கொண்டிருந்தன. நீலம், இன்று ஆறு எவ்வளவு ஏறும் என்ற என் கணக்கு. சிவப்பு சிட்டுவுடையது.

நிஜ ஆறு கறுப்புப் புள்ளிகளாக வந்தது. பாலத்துக் கருவி நீர்மட்டத்தை அளந்து அனுப்ப அனுப்ப, ஒவ்வொரு புள்ளியாக விழுந்தது. இதுவரை எல்லாம் இரண்டு கோடுகளுக்கும் நடுவில்.

நீலத்தின் மேல் விழு, நீலத்தின் மேல் விழு என்று மனதுக்குள் ஆற்றைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

சிட்டு வேலைக்குச் சேர்ந்து ஒரு மழைக்காலம்கூட முழுதாக முடியவில்லை. அதற்குள் எல்லோருக்கும் செல்லம். சிட்டு என்று பெயர் வைத்ததே மேலதிகாரிதான். எனக்கு இத்தனை வருஷத்தில் யாரும் செல்லப்பெயர் வைக்கவில்லை.

இருவரும் கணக்கில் போட்டது ஒரே மழையைத்தான். நில வரைபடம்தான் வேறு. என்னுடையது பழையது, அதில் மேல்மலை முழுக்கக் காடு. அவளுடையதில் காடு இருந்த இடத்தில் கல்குவாரி, தார்ச்சாலை, வீட்டுக் கூரைகள். என் ஆறு மரங்களுக்கடியில் நின்று நிதானித்து இறங்கியது. அவளுடையது விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தது.

புது வரைபடம் எல்லோர் கணினியிலும் இருந்தது. எனக்கு ஏன் தோன்றவில்லை? அதுதான் வயிற்றெரிச்சல்.

ஆனாலும் மேலதிகாரி அனுபவத்தைத்தான் நம்பினார். காலையில் அறிவிப்பாகப் போனது என் கணக்கு. ஆற்றோரத் தெருக்களுக்கு ஆபத்தில்லை. இன்று எது சரியாக வருகிறதோ, இனி அதுதான் அலுவலகத்தின் கணக்கு.

"என்னக்கா, உங்க கோட்டுக்கு மூச்சு வாங்குது போல?" கருவி பழுதுபார்ப்பவன் தேநீரை வைத்துவிட்டுச் சிரித்தான்.

புதுப் புள்ளி விழுந்திருந்தது. சிவப்புக்குச் சற்று நெருக்கமாக.

சிட்டு அதைப் பார்க்கக்கூட இல்லை. ஜன்னலோரம் நின்று போனில் குசுகுசுத்துக்கொண்டிருந்தாள். ஜெயிக்கப்போகிற தெனாவட்டு. அதற்குள் வீட்டில் பெருமையடித்தாகிறது.

காது தானாக அந்தப் பக்கம் போனது.

"கெஞ்சிக் கேக்கறேன்மா. அப்பாவைக் கூட்டிட்டு மேட்டுத் தெருவுக்குப் போயிடு."

நான் பக்கத்தில் வந்து நிற்பதைப் பார்த்ததும் போனைக் கையால் பொத்திக்கொண்டாள். கண் சிவந்திருந்தது.

"எங்க வீடு ஆத்தோரத் தெருவுலக்கா. கிளம்ப மாட்டேங்கறாங்க. ஆபீசே பயமில்லைன்னு சொல்லியாச்சு, நேத்து சேந்தவ நீ என்னடி சொல்றதுன்னு திட்டறாங்க. உங்க கோடுதான் சரியா வரணும்னு காலையிலேர்ந்து வேண்டிக்கிட்டிருக்கேன்."

நான் வேண்டிக்கொண்டிருந்ததும் அதையேதான்.

அடுத்த புள்ளி விழுவதற்குள் போனை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

"அம்மா, அறிவிப்புல வந்த கணக்கைப் போட்டது நான்தான். தப்பாப் போட்டுட்டேன். உங்க பொண்ணு போட்டதுதான் சரி. உடனே கிளம்புங்க."

பின்னால் மேலதிகாரி எழுந்து அறிவிப்புப் பிரிவுக்குப் போன் போடுவது கேட்டது.

அந்த முனையில் சிட்டுவின் அம்மா வீட்டுக்குள் திரும்பிக் கத்தினார்.

"ஏங்க, எந்திரிங்க! நம்ம பொண்ணு கணக்குதான் சரியாம். அவங்க பெரிய மேடமே சொல்றாங்க!"

பயத்தைவிடப் பெருமைதான் அதிகம் கேட்டது.

யாருடைய பெருமையானாலும் இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் போலிருந்தது. போனைச் சிட்டுவிடம் திருப்பிக் கொடுக்க எனக்கு உடனே மனம் வரவில்லை.