கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்னவாம்?

“தம்பி, ஒரு சின்ன ஒதவி” என்று சாந்தாமணி டீச்சர் யஷ்வந்தை வேப்பமரத்தடிக்குத் தனியே அழைத்துப் போனார்.

யஷ்வந்த், ‘கோவை மின்னல்கள்’ வாலிபால் அணியின் ஆட்டக்காரன். ஆறரை அடி உயரம், டிவியில் வருகிறவன். பிள்ளைகளோடு விளையாடி உற்சாகப்படுத்த அணி முழுதும் இன்று தாராபுரம் பக்கத்து அரசுப் பள்ளியில் வந்து இறங்கியிருந்தது.

“சொல்லுங்க டீச்சர்.”

“லோகப்பிரியான்னு ஒரு புள்ள, பிளஸ் ஒன். நல்லா ஆடுவா. கோயமுத்தூர் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல சேத்தோணும்னு ஃபாரத்தை வெச்சுட்டு ஒரு மாசமா அலையறேன். அவங்கப்பா கையெழுத்துப் போடமாட்டீங்கறார். நாளைக்குக் கடைசி நாள். புள்ள ஆடறதை ஒருக்கா வந்து பாருங்கன்னு கெஞ்சிக் கூட்டியாந்திருக்கேன். அவ அடிக்கறப்ப ஒண்ணு ரெண்டு பந்தை உட்டுக்குடுத்துருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

யஷ்வந்த் சிரித்தான். “எல்லாப் புள்ளைங்களுக்கும் அப்படித்தானுங்க. மேனேஜரே சொல்லித்தான் கூட்டியாந்திருக்கார்.”

டீச்சருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

ஆட்டம் தொடங்கியது. ஆளுக்கு ஐந்து பந்து. தூக்கிக் கொடுக்கிற பந்தைப் பிள்ளைகள் ஓங்கி அடிக்க வேண்டும். வலைக்கு அந்தப் பக்கம் யஷ்வந்த் தடுப்பான்.

ஆறாம் வகுப்பு மிதுன் அடித்த பந்து தள்ளாடித் தள்ளாடி வலையைத் தாண்டியது. யஷ்வந்த் குட்டிக்கரணம் போட்டு விழுந்து, “ஐயோ, தடுக்க முடியலியே!” என்று கத்தினான். மைதானமே சிரித்தது. அடித்தவர்களுக்கெல்லாம் பாயிண்ட், அடிக்கத் தெரியாதவர்களுக்கும் பாயிண்ட்.

லோகப்பிரியா வந்தாள். நாற்காலியில் அவள் அப்பா நஞ்சுண்டன் நிமிர்ந்து உட்கார்ந்தார். களத்தில் காய்கிற கொப்பரையை அப்படியே போட்டுவிட்டு வந்தவர் அவர்.

முதல் பந்து. யஷ்வந்த் ஒப்புக்குக் கையைத் தூக்கினான். பந்து அவன் உள்ளங்கையில் பளாரென்று மோதித் திரும்பி அவள் பக்கமே விழுந்தது.

அவன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. வாட்சைக் கழற்றிப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்தான். குனிந்து ஷூ லேஸை இறுக்கிக் கட்டினான்.

‘இவன் என்ன பண்ணப் போறான்?’ டீச்சருக்குப் பகீரென்றது.

இரண்டாவது பந்துக்கு எம்பிக் குதித்துத் தடுத்தான். மூன்றாவதற்கும் அதே. நான்காவதற்கும் அதே. ஐந்தாவது பந்து எல்லைக் கோட்டைத் தாண்டிப் பறந்து சைக்கிள் ஷெட் கூரையில் போய் விழுந்தது.

“அவுட்!” விசில் அடித்தார் கணக்கு வாத்தியார் சீனிவாசலு.

யஷ்வந்த் அவளைப் பார்க்கக்கூட இல்லை. கைகொடுக்க ஓடிவந்த பிள்ளைகளையும் தாண்டி, கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு விறுவிறுவென்று பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

நஞ்சுண்டன் எழுந்தார்.

“ஏனுங் டீச்சர், பொடுசுக எல்லாம் அடிச்சுப்போட்டுதுங்க. என்ற புள்ளைக்கு ஒண்ணுகூட இல்லீங்களே. இதைப் பாக்கவா என்னயக் கூப்புட்டீங்க? கொப்பரை காயுதுங்க, நான் வாரேன்.”

குழாயடியில் லோகப்பிரியா முகம் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவக் கழுவ முகம் ஈரமாகவே இருந்தது.

நஞ்சுண்டன் மொபெட்டைக் கிளப்பிய நேரம், யஷ்வந்த் பஸ்ஸிலிருந்து இறங்கி வேகமாக வந்தான். டீச்சர் விடுவாரா?

“தலையத் தலைய ஆட்டுனீங்களே தம்பி! ஒரு புள்ளையோட வாழ்க்கைங்க அது. கொஞ்சம் உட்டுக்குடுத்தா உங்க கிரீடம் எறங்கிப்போயிருமா?”

அவன் நேராக நஞ்சுண்டனிடம் போய்க் கையை நீட்டினான். ஐஸ் வைத்துச் சுற்றிய துண்டை விலக்கினான். நடுவிரல் வாழைப்பூ மொட்டாக வீங்கிச் சிவந்திருந்தது.

“ஏனுங்ணா, அந்தக் கடைசிப் பந்து அவுட் இல்லீங்க. இந்த வெரல்ல பட்டுத்தான் வெளிய போச்சு. தடுக்கறவன் கையில பட்டு வெளிய போனா அடிச்சவங்களுக்குத்தான் பாயிண்ட்டுங்க. அப்பவே சொல்லியிருப்பேன், வலி உயிர் போயிருச்சு. ஐஸ் வெக்க ஓடிட்டேன்.”

நஞ்சுண்டன் வண்டியை அணைத்தார். அந்த விரலை இப்படியும் அப்படியும் பார்த்தார்.

“என்ற புள்ள அடிச்சதுங்களா இது?”

“உங்க பொண்ணு அடிச்சதுதானுங்ணா.”

அவர் குழாயடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தன் மகளை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறவர் போலப் பார்த்தார்.

“டீச்சர், அந்த ஃபாரத்தைக் குடுங்க.”

மொபெட் சீட்டின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

டீச்சருக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

“அது செரி தம்பி. நான் சொன்ன மாதிரி மொதல்லயே ரெண்டு பந்தை உட்டிருந்தா இத்தனை வெசனம் இல்லீங்களே?”

யஷ்வந்த் விரலைத் துண்டில் சுற்றிக்கொண்டான்.

“இன்னைக்கு மத்த புள்ளைங்க எடுத்த பாயிண்ட்டெல்லாம் நாங்களாக் குடுத்ததுங்க டீச்சர். இவ ஒருத்திதான் என்றகிட்ட இருந்து புடுங்குனா. நான் உட்டிருந்தா, அதுவும் நாங்க குடுத்த கணக்குலயே போயிருக்குமுங்க.”