கொழும்பு சார்

"கொழும்பு சார் வந்துட்டாருடா" என்று கூடப் படிக்கும் வீரய்யா கிசுகிசுத்ததும் அழகுமுத்து திரும்பிப் பார்த்தான். வெள்ளை அரைக்கால்சட்டை, முழங்கால்வரை காலுறை, தொப்பி, கூடவே ஒரு நாய். உடற்பயிற்சிப் பரீட்சைக்கு நாயும் வரும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

லிந்துலையில் பேக்கரி மாடியில் இரண்டு அறையில் நடந்த அந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு மைதானம் என்று ஒன்று கிடையாது. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் தோட்டத்தில் பந்து விளையாடும் இடத்தில்தான் சுகாதாரமும் உடற்பயிற்சியும். கொழும்பிலிருந்து வரும் பரீட்சகரை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போன சுந்தரலிங்கம் மாஸ்டரை இன்னும் காணோம். வழியில் தேத்தண்ணிக் கடை இருந்தால் அவர் அப்படித்தான்.

கந்தப்பளையிலிருந்து வந்து படிக்கும் அழகுமுத்துவுக்கு இது இரண்டாம் தடவை. இதிலும் மண்ணைக் கவ்வினால் வாத்தியார் வேலை கிடையாது, அப்பாவோடு தேயிலை மலைக்குப் போக வேண்டியதுதான். அந்தப் பயத்தில் துணிக்கடை முதலாளியிடம், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணிகள் போடுவது மாதிரியான கறுப்புக் கோட்டு ஒன்றை இரவல் வாங்கி மாட்டியிருந்தான். பயிற்சியை நடத்திக் காட்டுவது அன்று அவன் முறை; கையில் பிரம்பு, வாயில் விசில். கூடப் படிப்பவர்கள் பனியனோடும் வெறுங்காலோடும் பனியில் வெடவெடத்தபடி வரிசையில் நின்றார்கள்.

விசில் ஊதினான். குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், குதித்தார்கள். எல்லாரும் குதித்து முடித்த பிறகு பழனியாண்டி குதித்தான்.

வந்தவர் வரிசையைச் சுற்றிவந்தார். பழனியாண்டியின் தோளை அமுக்கிப் பார்த்தார். நாய் அவன் காலை மோந்து பார்த்தது.

"இவனுங்க மழையில நிப்பானா?" என்றார் உடைந்த தமிழில்.

"நாள் பூரா நிப்பாங்க சார்."

"அட்டை கடிச்சா?"

சுகாதாரப் பாடம் ஆரம்பித்துவிட்டது என்று அழகுமுத்து மார்பை நிமிர்த்திக்கொண்டு ஒப்பித்தான். "பிச்சு எடுக்கப்படாதுங்க சார். உப்புத் தண்ணி வச்சா அதுவா விழுந்துரும். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவணும்."

"காய்ச்சல்னு பொய் சொல்லிப் படுப்பானா?"

"ஒருத்தனும் படுக்க மாட்டாங்க சார். ஒடம்பெல்லாம் இரும்பு."

அந்த நேரம் பார்த்துப் பழனியாண்டி இருமினான். அழகுமுத்து முறைத்த முறைப்பில் மிச்ச இருமலை விழுங்கிவிட்டான்.

வந்தவர் முகத்தில் சிரிப்பு வந்தது. அழகுமுத்துவுக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கியது. மனசுக்குள் அவன் அப்போதே ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்து, காலையும் நீட்டிவிட்டான்.

"சார், நாங்க தேறுவோமுங்களா?"

"நல்லா தேறும். எல்லாம் நல்ல ஆளு."

அவர் நாயைக் கூப்பிட்டுக்கொண்டு நாலடி நடந்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராகத் திரும்பினார்.

"நாளைக்கு எல்லாரையும் மம்பட்டியோட கூட்டிட்டு வா, கங்காணி."